மழை ப்ரோக்ராமின் கடைசி வரிகள்

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிய மூன்றாவது மாதம், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு எமுலேட்டர் எழுத ஆரம்பித்தேன். சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரைப் போலவே லேப்டாப்புக்குள் நடந்துகொள்ளும் ஒரு ப்ரோக்ராம். டிவியில் மாட்டி, கேசட்டில் சேமிக்கிற காலத்து மெஷின் அது. அதற்குத் தெரிந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையேட்டைப் பார்த்து எழுத வேண்டும். ஒன்று பிசகினாலும் திரை முழுக்கக் குப்பை கொட்டும். அந்தப் பழைய நீலத் திரை முதன்முதலாக வந்த அன்று, தலைகால் புரியாமல் அக்காவுக்கு போன் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். நுரையீரல் கெட்டுவிட்டது. டாக்டர் அவள் கணவரை, எங்கள் மாமாவை, தனியே கூப்பிட்டு, இனி நாள் கணக்குதான் என்று சொல்லியிருந்தார். போனில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் மழை ப்ரோக்ராமும் அதுல ஓடுமா? கேசட்ட நான் பத்திரமா வச்சிருக்கேன்."

அந்தக் கேசட்டில் மழை இல்லை என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. பள்ளிகளுக்குள் ஒரு போட்டி. ஜெயித்தால் கம்ப்யூட்டர் படிப்பில் இலவசமாக இடம். அக்கா இரண்டு மாதம் உட்கார்ந்து, திரையில் மழை பெய்யும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதினாள். மெஷினை அணைத்தால் எல்லாம் போய்விடும், கேசட்தான் ஒரே பிரதி. போட்டிக்கு முந்தின நாள் மாலை, என்னுடைய அரைகுறை விளையாட்டு ஒன்றை அதே கேசட்டில் பதிந்து தொலைத்தேன். தப்பு புரிந்ததும், விளையாட்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், மெஷினிலிருந்து டேப் ரெக்கார்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு அதன் மேல் வெறும் நிசப்தத்தைப் பதிந்தேன். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். கேசட் கெட்டுப்போவது சகஜம், தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தப்பித்தும் விட்டேன்.

மறுநாள் போட்டி அறையில் கேசட் சுற்றிக்கொண்டே இருந்ததாம், திரையில் ஒன்றும் வரவில்லையாம். வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை. அதோடு மெஷினைத் தொடுவதை விட்டுவிட்டாள். மெஷின் என் கைக்கு வந்தது. நான் அதில் பழகி, ப்ரோக்ராமர் ஆகி, முப்பது வருஷம் அதில்தான் சோறு தின்றேன். அவள் தொலைபேசி அலுவலகத்தில் அடுத்தவர்களுக்கு லைன் கொடுத்தாள்.

கேசட்டை வாங்கிவந்து ஒலியை லேப்டாப்பில் ஏற்றினேன். நான்கு நிமிஷம் வெறும் இரைச்சல். பிறகு, அன்று நான் நிறுத்திய இடத்தில், மெஷினின் கீச்சுக் குரல் கேட்டது. அவளுடைய ப்ரோக்ராமின் வால் மிஞ்சியிருந்தது! தலைப்பகுதி இல்லாத துண்டை அசல் மெஷின் சீந்தாது. என் எமுலேட்டருக்கு நான்தானே எஜமான், நேரே அதன் நினைவகத்தில் கொட்டினேன். ஒன்பது வரிகள் கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் பத்துப் பத்தாகப் போட்டுவந்த எண்ணோடு. மழை நின்றதும் பெயர்கள் வரும் இடம். முதலில் அவள் பெயர். 980-ஆம் வரியில், ஆங்கில எழுத்தில்: உதவி, என் தம்பி குண்டு. அப்போது என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றதைத் தவிர நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அப்போதாவது புத்தி வந்ததா என்றால், இல்லை. மேலே காணாமல்போன வரிகளை நானே எழுதி அவளுடையதோடு ஒட்டினேன். முழுசாகக் கிடைத்துவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். போகப்போகிறவளை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடிக்கு எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மாமா அவள் தலையணையை உயர்த்தி வைத்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மருந்துகளை ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பைக் கட்டில் மேசையில் வைத்து ஓடவிட்டேன். மழை பெய்தது, நின்றது, பெயர்கள் வந்தன. அக்கா கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"கடைசில வர்றதுதான் நான் எழுதினது," என்றாள். "என் மழை சாய்ஞ்சு பெய்யும்டா. காத்தும் அடிக்கிற மாதிரி வச்சிருந்தேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. விளையாட்டு, வயர், நிசப்தம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்கும்போது ஐம்பது தாண்டியவனுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுகியது. அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சிவப்பு பட்டன அமுக்கலன்னு நெனச்சேன்," என்றாள். பதியும்போது அந்தப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் டேப் சும்மா ஓடும். "எனக்கு எதையுமே ஒழுங்கா செய்ய வராதுன்னு நெனச்சிட்டேன்டா. இத்தன வருஷமும்."

பூட்டிய கதவைப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுவாள் அக்கா. அணைத்த அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், எல்லோரையும்விட நான் சத்தமாக. மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

லேப்டாப்பைப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னாள். வரிகளைத் திரையில் வரவழைத்துக் கொடுத்தேன். அந்த மெஷினில் ஒரு வரியை அழிக்க, அதன் எண்ணை மட்டும் அடித்து என்டரைத் தட்டினால் போதும். அவளுக்கு அது மறந்திருக்கவில்லை. ஒற்றை விரலால், ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கி, 9, 8, 0 என்று அடித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். என்டரைத் தட்டினாள்.

என் பெயர் நிஜமாகவே போய்விட்டதா என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"வேணாம்," என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "சரியாத்தான் அமுக்கினேன்."