வெயில் மேடம் போட்ட கோடு

1.

ஒளிப்பானேன், இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்ததே அக்காவைக் கேலி செய்யத்தான். அக்கா வானிலை அலுவலகத்தில் இருக்கிறாள். இளவேனில் வந்துவிட்டால், இடிப்புயல் எங்கெங்கே அடிக்கும் என்று ஏழு மாவட்ட வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. போன வருடமும் போட்டாள். அதை நம்பி, உடற்பயிற்சி ஆசிரியையான என் மனைவி தன் பள்ளி விளையாட்டு விழாவையே ரத்து செய்தாள். அன்றைக்கு அடித்த வெயிலில் எங்கள் வீட்டுப் போர்வையெல்லாம் துவைத்துக் காயப்போட்டோம். அதிலிருந்து ஊருக்குள் அக்காவின் பெயர் வெயில் மேடம். (பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.)

2.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

கருமேகங்கள் திரண்டு வந்த அந்தக் காலையில்... (பொய். பஞ்சுத் துணுக்களவு மேகம்கூட இல்லை.)

அக்காவின் மனம் ஏனோ படபடத்தது... (பிரதியை வாங்கிப் படித்த அக்கா இதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: "ஏனோ இல்ல. பலூன் தகவலைப் பார்த்தேன்.")

பலூன்...

சரி, பலூனிலிருந்தே தொடங்குகிறேன். காலையில் அக்காவின் அலுவலகம் விடுகிற பலூன் மேலே போகப்போகச் சூட்டையும் ஈரத்தையும் அளந்து அனுப்பும். தரையோரம் ஈரக்காற்று புழுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் சூடான உலர்காற்று, பானைக்கு மூடி போட்டாற்போல் கிடந்தது. மூடி திறக்காவிட்டால் போன வருடக் கதைதான், நல்ல வெயில். திறந்துவிட்டால் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே பாயும். இந்தமுறை மூடி மெல்லியது. அதைக் கிளப்ப மேற்கிலிருந்து குளிர்காற்றும் வந்துகொண்டிருந்தது.

3.

அன்றைக்குத்தான் இந்த வருட விளையாட்டு விழா. மைதானத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.

"கோட்டைக் கொஞ்சம் சுருக்கிக்கம்மா. போன வருஷம் பட்டது போதாதா?" என்றாராம் மேலதிகாரி.

"சுருக்கினா அடிவாங்கப் போற இடம் பாதி வெளிய நிக்கும் சார்."

ஏழு மாவட்டத்தையும் வளைத்துப் போட்டு, காலை பதினொன்று நாற்பதுக்கு எச்சரிக்கையில் கையெழுத்திட்டாள் அக்கா. (அவள் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். ஓரக்குறிப்பு: "கை நடுங்கல. அடுத்த நிமிஷமே மாவட்டங்களுக்குப் போன் போட ஆரம்பிச்சுட்டேன்.")

மைதானத்திலிருந்து என் மனைவி அவளுக்குப் போன் போட்டாள். "அண்ணி, இங்க வெயில் மண்டையைப் பிளக்குது. இந்த வருஷமும் நிறுத்தினா என் மானமே போயிடும். நிச்சயமா வருமா?"

"நிச்சயம்னு சொல்லமாட்டேன். பத்துக்கு ஏழு. மூணு மணிக்குள்ள பிள்ளைங்களைக் கட்டடத்துக்குள்ள கொண்டுபோயிடு. வரலைன்னா ஊரோட சேர்ந்து நீயும் திட்டு."

"ஊரோட என்ன, தனியாவே வந்து திட்டுறேன்," என்று வைத்தவள் விசிலை எடுத்து ஊதினாள்.

கடைசித் தொடரோட்டம் மட்டும் பாக்கி. பெற்றோர்கள் கூச்சல் போட்டார்கள். "வெயில் மேடம் சொன்னாங்களாக்கும்!" என்று ஒருவர் கத்த, பார்வையாளர் கொட்டகையே சிரித்தது. அங்கே உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். இந்த வரியை நான்குமுறை அழித்து மறுபடி எழுதியிருக்கிறேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை விசில் ஊதினாள். பிறகு எங்களையும் விரட்டினாள்.

4.

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) வெயில் அடிக்கிறது. எல்லோரும்... (நான் முதலில் எழுத நினைத்த நகைச்சுவைக் கதை. செத்துப்போனது.)

(ஆ) மேற்கே ஒரு கரும்புள்ளி. அதோடு நிறுத்தி, மிச்சத்தை உங்களிடம் விட்டுவிடுவது. நாகரிகமாக இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏன்டா, முடிவைச் சொல்லாம விட்டாக்கூட கதை எழுதுற உங்களைப் பாராட்டுவாங்களா? எங்க ஆபீஸ்ல அப்படி எழுதிக் குடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். மூன்றேகால் வரை வெயில். கதவோரம் நின்று முணுமுணுத்தோம். மூன்று முப்பத்தைந்துக்கு மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் போலப் பொங்கிப் பொங்கி உயர்ந்தது. மூன்று ஐம்பதுக்கு, எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டிகள். காற்று கொட்டகையின் தகரக்கூரையைப் பிய்த்து ஓடுபாதையின் குறுக்கே எறிந்தது. தொடரோட்டம் நடந்திருக்க வேண்டிய அதே இடத்தில்.

தாழ்வாரத்தில் என் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாள், இடிச்சத்தத்துக்கு மேலாக: "அண்ணி! நானூத்திப் பன்னெண்டு! ரெண்டு தடவை எண்ணிட்டேன்! ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல!"

மறுமுனையில் அலுவலகமே கைதட்டியது கேட்டது. பிள்ளைகளும் கைதட்டினார்கள். நான் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அக்கா சொன்னாள்: "நல்லதும்மா. வை, கிழக்கால ரெண்டு மாவட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு."

5.

எல்லாம் நடந்து முடிந்த பிறகும் இதற்கு ஒரு கடைசி வரி எழுத எனக்கு எட்டு மாதம் போதவில்லை. அக்காவோ, வானம் பளிச்சென்று இருந்தபோதே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதனால் என் முடிவையும் உங்கள் முடிவையும் ஓரமாக வைப்போம். பதினொன்று நாற்பதுக்கு அவள் எழுதியது இது:

"பிற்பகல் மூன்றரை முதல் ஏழு மாவட்டங்களிலும் கடும் இடிப்புயல், பெரிய ஆலங்கட்டிகள். வெயில் அடித்தாலும் உள்ளேயே இருங்கள்."