தோள்மேல் இருந்த கை

மணிமாறன் செத்ததற்கு ஊரே அழுதது, கூடப் பிறந்தவள் மட்டும் அழவில்லை. ஊர் இதைச் சும்மா விடுமா? "திருச்சிக்குப் படிக்கப் போனதுலேருந்தே அது ஒரு மாதிரிதான்" என்றாள் ஒருத்தி. "நெஞ்சா அது, கல்லு" என்றாள் இன்னொருத்தி. பந்தலில் உட்கார்ந்து, அந்த வீட்டுக் காப்பியையே குடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜெயசுதாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. பந்தல்காலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் அடித்த போஸ்டர். அண்ணன் பெயரில் 'ணி'க்கும் 'மா'வுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அவள் மனசு அந்த இடைவெளியைக் குறைத்துக் குறைத்து வைத்துப் பார்த்தது. இதென்ன புத்தி என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போனது.

அவள் படிப்பது விஷுவல் கம்யூனிகேஷன், கடைசி வருஷம். எழுத்தையும் படத்தையும் எப்படி அடுக்கினால் பார்க்கிறவன் நின்று பார்ப்பான் என்று சொல்லித் தருகிற படிப்பு. அவள் அப்பா சாமிதுரை, கேட்பவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர்ல போர்டு போடுற படிப்புங்க" என்பார். மணிமாறனுக்குத்தான் அது சரியாகப் புரிந்தது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தான் அவன். தங்கச்சி சாலையோர எழுத்துகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும், போகிற வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் பிடித்து அனுப்ப ஆரம்பித்தான். திருமானூரில் ஒரு பஞ்சர் கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் யாரோ கையால் எழுதிய 'ஒலி எழுப்பு', சுவரில் பாதி அழிந்த மாட்டுத்தீவன விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் கீழே "பாப்பா, இது எப்டி?" என்று ஒரு வரி.

கடைசியாக வந்ததும் அப்படி ஒரு படம்தான். ஒரு பழைய ரைஸ்மில் சுவர். பெயிண்ட்டால் எழுதிய பெரிய எழுத்து, வளைவெல்லாம் அவ்வளவு அழகு. ஆனால் ஓரத்தில் ஒரு எழுத்து படத்துக்குள் வராமல் நின்றுவிட்டது. ஜெயசுதா வகுப்பில் இருந்தபடியே பதில் போட்டாள்: "கடைசி எழுத்து வெட்டுது. இன்னும் கொஞ்சம் பின்னாடி போய் எடுண்ணே."

மணிமாறன் பின்னால் போனான். சுவரைப் பார்த்தபடி, போனைத் தூக்கிப் பிடித்தபடி, தார் ரோட்டுக்குள் போனான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வந்தது. அவ்வளவுதான்.

அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தவன் தமிழரசன். மணிமாறனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டவன். நண்பனை இழுக்கப் போய் முட்டி பெயர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊர் அதற்குள் கதை கட்டிவிட்டது. ரோட்டு நடுவில் வண்டியை நிறுத்தி எவளோடோ போன் பேசிக்கொண்டிருந்தானாம். தமிழரசன் இல்லை என்று சொல்லவில்லை. "என் தப்புதான், ஓரமா நிறுத்தியிருக்கணும்" என்று நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றான். அம்மா பூமாலை தலைவிரி கோலமாக ஓடி, தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி அவன்மேல் தூற்றினாள். "என் வவுறு எரியிற மாதிரி ஒன்னப் பெத்தவ வவுறும் எரியட்டும்டா!" என்றாள். அவன் தலைமேல் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. கதவோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயசுதாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரும்பிப் போய்விட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று நினைத்தாள் என்றும் சொல்ல முடியாது. நாக்கு மரத்துப்போய்க் கிடந்தது.

காரியத்துக்குப் பெரிய போர்டு வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. "படிச்ச புள்ள வூட்லயே இருக்கு, அதுவே போடட்டுமே" என்றார்கள். சாமிதுரை மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

அந்தப் பக்கத்து இழவு போர்டுக்கு ஒரு முறை உண்டு. மேலே இறந்தவர் பெரிதாக இருப்பார். கீழே வரிசையாகக் கூட்டாளிகள், சொந்தக்காரர்கள், தபால்தலை அளவில் முகங்கள். சிலர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுகூட வருந்துவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இழவு போர்டில் முகம் விட்டுப்போனால் ஜென்மப் பகைதான். இப்படிப்பட்ட போர்டுகளை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசுதாவும்தான்.

பஸ்ஸில் அரியலூர் போகும்போது சாமிதுரை ஒரே ஒரு விஷயம் சொன்னார். "கூட்டாளிங்க எல்லாத்தையும் போடு. அந்தப் பய மூஞ்சி மட்டும் இருக்கக் கூடாது."

"சரிப்பா."

"இருந்துச்சு, ஒங்கம்மா அந்தப் போர்டுக்கு அடியிலயே விழுந்து செத்துருவா."

"சரிப்பா."

பஸ் அந்த ரைஸ்மில் சுவரைத் தாண்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயசுதா பார்த்தாள். கடைசி எழுத்து 'ல்'. புள்ளியை மட்டும் வட்டமாக, பொட்டு மாதிரி வைத்திருந்தான் எழுதியவன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் கொளஞ்சியப்பன் வாய் ஓயாத மனுஷன். கம்ப்யூட்டரில் 'காதுகுத்து', 'கல்யாணம்', 'கட்சி', 'கண்ணீர்' என்று நாலு ஃபோல்டர் வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் பேச்சை நிறுத்தி, தன் நாற்காலியை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். சாமிதுரை காரியத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

எழுத்துக்குக் குரல் உண்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தடித்த எழுத்து கத்தும், மெல்லிய எழுத்து முணுமுணுக்கும், எழுத்தைச் சுற்றி விடுகிற வெற்றிடம் மூச்சுவிடும். ஜெயசுதா வெள்ளைப் பரப்பு எடுத்தாள். அண்ணன் பெயரை மெல்லிய எழுத்தில், சின்னதாக, கீழ்மூலையில் வைத்தாள். பார்த்தாள். வெற்றிடம் மூச்சுவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். இங்கே அது மூச்சும் விடவில்லை, ஒன்றும் விடவில்லை. வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, பாதியில நிறுத்திட்ட? மேகம் கீகம் வேணாமா?"

"போட்டுக்கலாங்க" என்றாள். கண்ணீர் ஃபோல்டரைத் திறந்தாள். மேகம் வந்தது, விளக்கு வந்தது, சொட்டு வடிகிற எழுத்து வந்தது, சிவப்புக்கு மஞ்சள் விளிம்பும் வந்தது. இதற்கெல்லாம் எத்தனை பக்கம் எதிராக எழுதியிருக்கிறாள்! ஒன்றும் தோன்றவில்லை. "பஸ்ல போறவன் கண்ணுல படணும்ல பாப்பா, அதான் இப்புடிப் போடுறாங்க" என்று ஒருமுறை அண்ணன் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. இருக்கலாம் என்று பட்டது.

படம்தான் கிடைக்கவில்லை. ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் படம் பிடித்தவன் தன்னை எங்கே பிடித்தான்? உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு படம் தேறியது. கோடு போட்ட சட்டை, நன்றாகச் சிரிக்கிறான். பக்கத்தில் அவனைவிட ஒரு சாண் கூடுதல் உயரத்தில் தமிழரசன், தோள்மேல் கை போட்டு நிற்கிறான்.

அவள் அண்ணனை மட்டும் சுற்றி வெட்டினாள். காது, கழுத்து, சட்டைக் காலர் என்று புள்ளி புள்ளியாக வைத்துப் போனாள். தமிழரசன் போய்விட்டான். கை மட்டும் போகவில்லை. அது மணிமாறன் தோளில் அப்படியே இருந்தது, முழங்கை வரைக்கும்கூட இல்லை, மணிக்கட்டோடு ஒரு கை.

அந்நேரம் பார்த்து சாமிதுரை வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"அவன் கைதான அது?"

"ஆமாப்பா."

"எடுத்துடு" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

எடுத்தாள். சட்டையின் இன்னொரு பக்கத்திலிருந்து கோடுகளை எடுத்து விரல்மேல் வைத்து வைத்து மூடினாள். கட்டைவிரல் போனது, மோதிரவிரல் போனது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சுத்தமான வேலை. கொளஞ்சியப்பனே "அடேங்கப்பா!" என்றார். ஆனால் அந்தக் கை பிடித்திருந்த பிடியில் சட்டை சுருங்கியிருந்தது பாருங்கள், அந்தச் சுருக்கம் போகவில்லை. எல்லா மடிப்பும் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது. தோளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரும் பிடிக்காமலே ஒரு ஆள் அப்படிச் சாய்ந்து நிற்பானா? தன் கண்ணே தனக்குப் பொய் சொல்வது போலிருந்தது அவளுக்கு.

மண் விழுந்த தலையோடு நின்ற தமிழரசன் ஞாபகம் வந்தான். அப்போதும் அழுகை வரவில்லை. விரல் மட்டும் தானாகப் போய், செய்ததைத் திரும்ப எடுக்கிற பொத்தானை அழுத்தியது. மோதிரவிரல் வந்தது. கட்டைவிரல் வந்தது. கை பழையபடி தோள்மேல் உட்கார்ந்தது.

"தங்கச்சி, அப்பா எடுக்கச் சொன்னாரே" என்றார் கொளஞ்சியப்பன்.

"இருக்கட்டுங்க. பிரிண்ட் போடுங்க."

சுருட்டிக் கட்டிய ஃபிளெக்ஸைச் சாமிதுரை பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், தெரு மெயின்ரோட்டைத் தொடுகிற இடத்தில் பையன்கள் போர்டு கட்டினார்கள். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, ஃபிளெக்ஸை இழுத்துப் பொருத்தி, இரண்டு கம்பத்துக்கும் நடுவே தூக்கினார்கள். மேல்கயிறு எட்டவில்லை. ஏணி குட்டை. எந்த விசேஷமானாலும் அந்த ஊரில் போர்டு கட்டுகிறவன் தமிழரசன்தான். ஏணியின் கடைசிப் படியில் நின்று கையைத் தூக்கினால் கம்பத்து உச்சியே அவனுக்கு எட்டும். "அவன் இருந்தான்னா..." என்று ஒரு பையன் ஆரம்பித்துவிட்டு, சாமிதுரையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாமிதுரை எதிர்ப்பக்கம் நின்று கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை தோளுக்கு இறங்கியது.

"சுதா."

அவள் பக்கத்தில் போனாள்.

"எடுக்கச் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. எடுத்தேன். மறுபடியும் வச்சுட்டேன்."

"ஏன்?"

அவள் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "தமிழண்ணன் யார்கிட்டயும் போன் பேசலப்பா. அண்ணன்தான் நிறுத்தச் சொல்லிருக்கு, எனக்குப் போட்டோ எடுக்க. வண்டி ஓரமாத்தான் நின்னுருக்கு, அண்ணன் அனுப்புன போட்டோவுலயே தெரியுது. கடைசி எழுத்து வெட்டுது, பின்னாடி போய் எடுன்னு நாந்தான் மெசேஜ் போட்டேன். அண்ணன் பின்னாடி போயிருச்சு."

போனை நீட்டினாள். சாமிதுரை வாங்கவில்லை. ஒரு கல் லாரி போயிற்று, போர்டு படபடவென்று அடித்துக்கொண்டது. பையன்கள் சட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பயலுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்பா. கூடத்தான நின்னாரு."

"தெரிஞ்சுமா மண்ணு வாங்கிக்கிட்டு நின்னான்?"

அவள் நீட்டிய போனைக் கீழே இறக்கினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, குரல் உடையச் சத்தம் போட்டார். "எவனாவது போயி தமிழரசன இட்டாங்கடா! அவன் கட்டுனாத்தான் காத்துக்கு நிக்கும்."

வந்தான். முட்டியில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், சாமிதுரை நீட்டிய கயிற்றை வாங்கிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏணியில் ஏறினான். சாமிதுரையே கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கயிறு உச்சியில் இறுகியது. போர்டு நேராக நின்றது.

இறங்கும்போதுதான் தமிழரசன் போர்டில் தன் கையைப் பார்த்தான். நடுப்படியில், மணிமாறனின் தோளுக்கு நேரே நின்றுவிட்டான். திரும்பி ஜெயசுதாவைப் பார்த்தான், அப்புறம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சாமிதுரையைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

கீழே இறங்கி அவளிடம் வந்தான். "எதுக்கு பாப்பா சொன்ன?" என்றான். "பழி என்னோடயே போயிருக்கும்ல."

ஜெயசுதா போர்டைப் பார்த்தாள். தலைப்பில் 'ணி'க்கும் 'மா'வுக்கும் இடைவெளி சரியாக இருந்தது, அவள்தான் சரிசெய்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எழுத்தெல்லாம் கலங்கிக் கரைந்தது. மழையா என்று முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.