இன்னொரு வழி

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கோப்புகள் அடுக்கிய அறைக்குள் அவன் மாட்டிக்கொண்டான். கதவுப் பூட்டு அசையவில்லை. கட்டடத்தில் எங்கோ தீப்பிடித்திருந்தது. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா தெருவுக்கு ஓடிவந்து போனில் கத்தினாள்.

“டேய், எதையும் நோண்டாத! கதவுகிட்டயே உட்காரு. தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு.”

“சரிக்கா.”

அவன் கண்கள் அதற்குள் மேலே போய்விட்டன. பள்ளி நாளிலிருந்து அவன் திரும்பத் திரும்ப ஆடும் பழைய கணினி விளையாட்டுகளில், பூட்டிய கதவு ஒரு பொருட்டே அல்ல. பெட்டிகளை அடுக்கி ஏறி, காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து அடுத்த அறையில் இறங்கலாம். எந்த அறைக்கும் இன்னொரு வழி இருக்கும் என்பதற்காகவே அவற்றை நேசித்தான்.

பெட்டிகளை அடுக்கி ஏறினான். காசால் திருகாணிகளைக் கழற்றி, சுவரிலிருந்த காற்றுக்குழாயின் தகட்டு மூடியைப் பிடுங்கினான். உள்ளே ஒரு கை நுழையவே இடம் இருந்தது. அவ்வளவு நேரம் மூடி தடுத்துவைத்திருந்த கரும்புகை அவன் முகத்தில் கொட்டியது.

சட்டையைச் சுருட்டித் துளையில் திணித்தான். கையை எடுத்தால் அது பிதுங்கி வந்தது. அழுத்திப் பிடித்தபடியே நின்றான். காலுக்குக் கீழே பெட்டிகள் ஆடின.

“ஏன்டா இப்படி இருமுற?” சட்டென்று அவள் குரல் இறங்கியது. “அங்கயும் போய் உன் விளையாட்டுப் புத்தியக் காட்டிட்டியா?”

அவன் சட்டையை இன்னும் இறுக அழுத்தினான்.

“அக்கா,” என்றான் கடைசியில், “போனை மட்டும் வெச்சுடாத.”