சீனித்தாய் வீட்டுப் புற்று

யுத்தம் முடிந்த வருஷம் ஆனி மாதத்தில், தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த வன்னியபெருமாளின் வீட்டில், அவர் மனைவி சீனித்தாய் படுக்கும் கட்டிலுக்கு அடியில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு கறையான் புற்று கிளம்பியது. அந்த மாதம் ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டார்கள், மண்ணெண்ணெய் வரவே இல்லை. ஊர் மண் உப்பு மண், அதில் கறையான் வீடு கட்டாது என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் கிளம்பியது. அதே வாரம் குளிக்கும்போது சீனித்தாயின் இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் பேச்சித்தாய், பிள்ளை பெற்ற உடம்பில் ஆயிரம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, புற்றை விளக்குமாற்றால் தட்டிப் பெருக்கினாள். மறுநாள் அது இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றது. அதன்பிறகு புற்று ஒரு சாண் ஏறினால் கட்டி ஒரு நெல்மணி தடித்தது. கட்டிலை ஓரமாக நகர்த்திப் போட்டார்கள்.

ஆவணியில் வன்னியபெருமாள் மனைவியைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசெல்வி இருந்தார். அவர் மார்பைத் தொட்டுப் பார்த்தார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார், கை கழுவிவிட்டு ஒளிக்காமல் சொன்னார். இது புற்று, இதற்கு எந்தப் புட்டியிலும் மருந்து கிடையாது, முழு மார்பையும் எடுத்துவிட வேண்டும், ஒரு மாதத்துக்குள் வந்து சேருங்கள் என்றார். சீனித்தாயின் விரலைப் பிடித்து அந்தக் கட்டியின் மேலேயே வைத்துக் காட்டினார்.

"பாத்தீங்களா, தள்ளுனா நகருது. நகருத வரைக்கும் என் கையில இருக்கு. நெஞ்சோட ஒட்டிக்கிட்டுன்னா யார் கையிலயும் இல்ல."

டாக்டர் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் புரியாமலே தலையாட்டியிருப்பார்கள். அவர் புற்று என்று சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தில் புற்றை யாரும் வெட்டமாட்டார்கள். உழுகிறவன் ஏரைச் சுற்றிக்கொண்டு போவான், சுவர் கட்டுகிறவன் சுவரை வளைப்பான். உள்ளே நாகம் இருக்கிறது. மஞ்சள் வைக்கலாம், முட்டை வைக்கலாம், பால் ஊற்றலாம். வன்னியபெருமாள் வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னதும் பேச்சித்தாய் கட்டில் கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் இரண்டு புற்றும் ஒன்றாகிவிட்டன.

"புத்த வெட்டச் சொல்லுதாளாக்கும்? அவ வேதக்காரி, சிலுவயக் கும்பிடுதவ, அவளுக்கு என்ன தெரியும். வெட்டுனா வம்சம் வெளங்குமாலே?"

வெள்ளிக்கிழமைதோறும் தெருப்பெண்கள் சொம்பில் பால் கொண்டுவந்தார்கள். கைப்பிள்ளைக்குப் பால் கிடைக்காத காலம் அது. வந்தவர்கள் புற்றைச் சுற்றினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், குங்குமம் வாங்கிப்போனார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்திகூட சீனித்தாயைக் கேட்கவில்லை. ஊற்றிய பால் புற்றுக்குள் இறங்கிய சிறிது நேரத்தில் அவள் இடது மார்புக் காம்பில் கசிந்து ரவிக்கையை நனைத்தது. பாலோடு ரத்தமும் கலந்திருந்தது. பேச்சித்தாய் அதைப் பார்த்துவிட்டு, நாகம்மாள் ஏற்றுக்கொண்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ரவிக்கைகளை சீனித்தாயே துவைத்தாள்.

வன்னியபெருமாள் நல்லவர் என்று ஊரே சொல்லும். குடித்ததில்லை, மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை. நல்லவர் என்பதாலேயே அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணவேண்டும் என்பது அவர் வழக்கம். கடை உத்தரத்தில் கருப்பட்டித் தராசு தொங்கியது. நாட்டு மருந்துப் பொட்டலத்தை ஒரு தட்டிலும், துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் சொல்லிவைத்து வாங்கிய பென்சிலின் குப்பியை மறுதட்டிலும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். முள் நடுவில் நிற்கும். வியாபாரி நண்பர்கள் வந்து உட்காருவார்கள். இங்கிலீஷ் மருந்து ரத்தத்தைச் சுட்டுவிடும் என்பார் ஒருவர். சேராங்கொட்டைக்கு அடங்காத கட்டி உலகத்தில் இல்லை என்பார் இன்னொருவர். கத்தி பட்டால் நோய் உடம்பு முழுக்கச் சிதறும் என்று தன் மச்சினியைச் சாட்சிக்கு இழுப்பார் மூன்றாமவர். அந்த மச்சினிக்கு வந்தது பல்வலி. இத்தனை ஆம்பிளைகள் உட்கார்ந்து அவள் மார்பைப் பற்றிப் பேசுவார்கள். அவள் காப்பி கொண்டுபோய் வைக்கவேண்டும். வைப்பாள். மறுநாளும் முள் நடுவில் நிற்கும்.

நாட்டு மருந்து கொடுத்தவர் வேம்பார் எஸ்றா வைத்தியர். அவர் போட்ட பற்று குளிர்ச்சியாக இருந்தது, அன்றைக்கு சீனித்தாய் தூங்கினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. பற்றுப் போட்ட அன்று புற்றின் மேலும் அதே பச்சிலை வாடை வந்தது, அதன் ஈரம் காய்ந்து வெடிப்புகள் மூடிக்கொண்டன. வளர்வது மட்டும் நிற்கவில்லை. வைத்தியர் தைப்பொங்கல் கழிந்து வந்தபோது, அவர் கூட வந்திருந்த மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து காதில் சொன்னாள். அவர் மருந்துப்பெட்டியை மூடிவிட்டார்.

"ஏ வன்னியபெருமாளு, நான் குடுத்தது வலிக்கு. கட்டிக்குன்னு நான் சொன்னனா? எங்கிட்ட மருந்து இருந்தா ஒளிச்சா வைப்பேன்? அந்த டாக்டரம்மா சொன்னதச் செய்யும்வே. என் பேரச் சொல்லிக்கிட்டு வீட்டுல உக்காராதிரும்."

வன்னியபெருமாள் அவரை மரியாதையாக வழியனுப்பிவிட்டு, வைத்தியரும் யோசனையில்தான் இருக்கிறார் என்று கடையில் சொன்னார். அடுத்த வாரம் கம்பவுண்டரைக் கூப்பிட்டு பென்சிலின் போடச் சொன்னார். ஊசி சீனித்தாயின் இடுப்பில் ஏறியதும், புற்றின் கண்களிலிருந்து ஈசல் கிளம்பி வீடு முழுக்க அடைந்தது. பக்கத்து வீட்டார் முறத்தோடு வந்து வாரிக்கொண்டு போய், அரிசியோடு வறுத்துத் தின்றார்கள். கட்டி இருந்தபடியே இருந்தது. புன்னைக்காயலில் இருந்து மீன் கொண்டுவரும் மரியசெல்வி, வாசலில் கூடையை இறக்கிவைத்து, சிறகுகளாய்க் கிடந்த முற்றத்தைப் பார்த்தாள்.

"ஏளா சீனி, உன் மாப்பிள்ள ஊசி வாங்குனாவளா, ஈசல் வாங்குனாவளா?"

சீனித்தாய் எட்டு மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தினமும் விடிந்ததும் அதைத் தள்ளிப் பார்ப்பதாகச் சொன்னாள். டாக்டர் தொட்டுக் காட்டிய இடத்தில் விரலை வைத்து, இருக்கிறாயா, போய்விட்டாயா என்று கேட்பது மாதிரி. இன்னும் நகர்கிறது, ஆனால் மனசில்லாமல் நகர்கிறது என்றாள். மரியசெல்வி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். தன் புருஷன் இஞ்ஞாசி முத்துச்சிப்பி எடுக்கக் கடலடிப் பாரில் முங்கும்போது நடப்பதைச் சொன்னாள். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், கீழே மூச்சு முட்டுகிறவனுக்குத்தான் எப்போது மேலே வரவேண்டும் என்று தெரியும். அவன் கயிற்றை இழுத்தால் மேலே இருக்கிறவன் யோசிக்கக்கூடாது, தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள். மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி சீனித்தாய், பாளையங்கோட்டைக்கு எப்போது போகலாம் என்று புருஷனிடம் கேட்டாள். அவர் உள்ளே இருந்ததைக் கடைசியில் வெளியே விட்டார்.

"ஒன்னய மூளியாக்கிக் கூட்டிட்டு வரவாளா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

அவர் நிறுத்துக்கொண்டிருந்தது மருந்தை அல்ல என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நாகமும் இல்லை, வம்சமும் இல்லை. நாலு பேர்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், புற்று உத்தரத்தைத் தொட்டிருந்தது. சீனித்தாய் எழுந்து விரலை வைத்துத் தள்ளினாள். கட்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினாள். ஒரு மயிரிழை அசைந்தது. பெண்கள் பால் சொம்போடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கொல்லைக்குப் போய், கருப்பட்டிச் சிப்பத்தை நெம்பும் கடப்பாரையை எடுத்துவந்தாள். பேச்சித்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"தள்ளுங்க அத்த. உள்ள பாம்பு இருந்தா என்னயத்தான கொத்தும். உங்களயா கொத்தப்போவுது?"

முதல் குத்தில் மண் உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் அவள் மார்பு வலித்தது; அவள் நிறுத்தவில்லை. பால் கொண்டுவந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி திட்டினாள், மற்றவர்கள் பாம்புக்காகக் காத்திருந்தார்கள். புற்று முழுவதும் சரிந்து வீடே புழுதியானது. உள்ளே பாம்பு இல்லை, முட்டை இல்லை, கறையான்கூட இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் ஊற்றிய பால் உறைந்து கல்லாகி, ஒரு மாங்கொட்டை அளவுக்குக் கிடந்தது. சீனித்தாய் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தலையில் மண்ணோடு கடைக்கு நடந்தாள்.

நண்பர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவள் தராசில் இருந்த பொட்டலத்தையும் காலிக் குப்பியையும் ஒரே தட்டில் போட்டாள். மறுதட்டில் அந்தக் கல்லை வைத்தாள். கல் இருந்த தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. வன்னியபெருமாள் எழுந்து, பழக்கதோஷத்தில், எதிர்த்தட்டில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். கடையில் இருந்த எடைக்கல் எல்லாம் தீர்ந்தது. ஒரு கருப்பட்டிச் சிப்பத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தார். கல் எழும்பவில்லை.

"நிறுத்தாச்சில்லா? இன்னும் எத்தன நாளைக்குத்தான் நிறுப்பீங்க. நீங்க நிறுக்க நிறுக்க நாந்தான் எடை கொறைஞ்சிக்கிட்டு வாரேன். நான் பாளையங்கோட்டைக்குப் போறேன். மூளியா இருந்தாலும் உசுரோட இருப்பேன். நாலு பேருக்குக் காப்பி வேணும்னா நீங்களே போட்டுக் குடுங்க."

மத்தியான ரயிலில் மரியசெல்வி கூடப்போனாள். டாக்டர் ஜெபசெல்வி ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரே ஒரு முறை கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, அந்தச் சொல்லைத் தான் சொல்லியிருக்கக்கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இடது மார்பை முழுவதும் எடுத்தார். பிறகு சென்னைப் பட்டணத்துக்கு எழுதிப்போட்டு ரேடியம் வைக்க ஏற்பாடு செய்தார். அதற்கு வன்னியபெருமாள் கூடவே போனார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நடந்தார். திரும்பி வந்தபின் அவளுடைய இடது கை வீங்கியது. அதற்கு எஸ்றா வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் நன்றாகக் கேட்டது. சாகும்வரை அதைத் தேய்த்துக்கொண்டாள். ரவிக்கைக்குள் துணி சுருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், உங்கள் வாய்க்குள் வையுங்கள் என்றாள். கல்லைத் தராசிலிருந்து எடுக்க யாராலும் முடியவில்லை. வன்னியபெருமாள் வேறு தராசு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊரில் அங்கங்கே புற்று கிளம்பியது. உப்பளக்காரர் வீட்டு அடுக்களையில் ஒன்று, துறைமுகக் கிளார்க் வீட்டு ஊஞ்சலடியில் ஒன்று. புன்னைக்காயலில் ஒரு வீட்டில் கிளம்பியதற்கு முதலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மரியசெல்வி போய் அதை ஊதி அணைத்தாள். எல்லா இடத்துக்கும் சீனித்தாய் வீட்டுக் கடப்பாரைதான் போனது. வீட்டுக்கு வீடு கைமாறி அதன் முனை வெள்ளி மாதிரி ஆகிவிட்டது.

நாற்பத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில், அடைமழை பெய்துகொண்டிருந்தபோது, பேச்சித்தாயின் கட்டிலடியில் தரை பிளந்து புற்றுமண் தலைகாட்டியது. கிழவி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அதைப் பார்த்தாள். மாராப்புக்குள் கையை விட்டுத் தடவினாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏளா சீனி, பாளையங்கோட்டைக்கு ரயிலு எத்தன மணிக்குளா?"

சீனித்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு, மணியைச் சொல்லிக்கொண்டே கடப்பாரையை எடுக்கப் போனாள்.