அக்கரை வரை பேசக் கூடாது

என் தங்கை வீட்டுக்காரனுக்கு ஆற்றில் ஒரு பழக்கம். வெள்ளம் வந்துவிட்டால் படகின் முன்முனையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொள்வான். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை, எல்லாம் காதுதான் என்பான். முங்கிக் கிடக்கிற பாறை மேல் ஓடும் தண்ணீருக்கு ஒரு சத்தமாம், சுழிக்கு வேறு சத்தமாம். அதனால் அவன் படகில் ஏறியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது தும்மினால்கூட முறைப்பான். "உன் புருஷன் படகுல போறதும் பரீட்சை எழுதப் போறதும் ஒண்ணுதான்" என்று தங்கையிடம் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் அவன் படகிலிருந்து ஒரு செருப்புகூட ஆற்றோடு போனதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அன்று காலை பட்டறையில் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் துடித்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"புள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆகாது. மத்தியானத்துக்குள்ள அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். இல்லேன்னா ரெண்டு உசுரும் மிஞ்சாது."

பாலத்தை முந்தின நாளே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவன் ஆற்றைப் பார்த்தான். வேரோடு பிடுங்கின மரங்கள், ஒரு வீட்டுக் கூரை, வயிறு உப்பின மாடு என்று என்னென்னவோ போய்க்கொண்டிருந்தன. நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். சொல்வதில் என்ன வெட்கம்?

"நீங்க மட்டும் வாங்க மச்சான். அதுக்கு மேல படகு தாங்காது," என்றான். "ஒரே ஒரு விஷயம். அவ கத்துனா எனக்குத் தண்ணி கேக்காது. வாயப் பொத்திக்கணும்."

"என்னய்யா பேசுற? பிரசவ வலியில துடிக்கிறா, வாயப் பொத்தச் சொல்றியே. நீயெல்லாம் மனுஷனா?"

"கத்துனா நான் திரும்பிப் பாப்பேன். திரும்புனா மூணு பேரும் போயிருவோம்." கொஞ்சம் நிறுத்தினான். "நாலு பேரு."

நான் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

படகில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். கயிற்றை அவிழ்த்ததுதான் தெரியும், ஆறு எங்களைப் பறித்துக்கொண்டது. துணியைச் சுருட்டி அவள் வாயில் வைத்தேன். துப்பிவிட்டாள். கடைசியில் என் உள்ளங்கையாலேயே பொத்தினேன். வலி வரும்போதெல்லாம் கடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். எங்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது முக்கால் அங்குலப் பலகை. தச்சனாக இல்லாமலிருந்தால் அந்தக் கணக்காவது தெரியாமல் இருந்திருக்கும்.

ஒரு பெரிய மரம் வேர்களை விரித்துக்கொண்டு நேரே எங்களைப் பார்த்து வந்தது. எனக்குத் தொண்டை வரை அலறல் வந்துவிட்டது. அவன் தலையை மட்டும் சாய்த்தான். துடுப்பை இரண்டு முறை ஆழ இழுத்தான். வேர் படகின் விளிம்பை உரசிக்கொண்டு போனது.

பாதி ஆற்றில், என் கையில் பதிந்திருந்த தங்கையின் பல் தளர்ந்தது.

கையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். முனகல்கூட இல்லை. கண் சொருகிக் கிடந்தது. மூக்கருகே விரலை வைத்தால், அடிக்கிற காற்றில் எது மூச்சு என்றே தெரியவில்லை. சொன்னால் அவன் திரும்புவான். சொல்லாமலிருந்தால் நான் என்ன அண்ணன்? அவளை உலுக்கக்கூடப் பயம், படகு ஆடிவிடும். மறுபடியும் அவள் வாயைப் பொத்தினேன். செத்தவள் வாயை எதற்குடா பொத்துகிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

முன்னால் அவன் துடுப்பு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. சுழியைக் கேட்கிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் வலித்ததைப் போல அதுவரை அவன் வலித்து நான் பார்த்ததில்லை.

நர்சம்மா போனில் சொல்லியிருந்ததால் அக்கரையில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் வாசலிலேயே நாடியைப் பிடித்துப் பார்த்து, "மயக்கம்தான், உசுர் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை என்றார்கள். தாயும் பிழைத்துவிட்டாள் என்றார்கள். மாப்பிள்ளையைத் தேடினேன். ஆஸ்பத்திரியில் எங்கேயும் இல்லை.

ஆற்றங்கரைக்கு ஓடினேன். அவன் படகில் அப்படியே மண்டிபோட்டிருந்தான். துடுப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாப்பிள்ள! பொம்பளப் புள்ளய்யா!"

அவன் திரும்பவில்லை.

"புள்ளயாச்சும் பொழச்சுதே," என்றான்.

"என்ன சொல்ற?"

"அவ பாதி ஆத்துலயே போயிட்டா மச்சான். சத்தம் நின்னது எனக்குக் கேட்டுச்சு. புள்ளயாவது கரை சேரட்டும்னுதான் வலிச்சேன்."

மீதி ஆற்றை, பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று நினைத்தபடியே கடந்திருக்கிறான்.

"மயக்கம்யா அது, வெறும் மயக்கம்! உசுரோட இருக்கா!"

நம்பவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் காது அவனை ஏமாற்றியதே இல்லையே. படகில் இறங்கி அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். கிட்டத்தட்டச் சுமந்துகொண்டுதான் போனேன்.

தங்கை சாயங்காலம்தான் கண் விழித்தாள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள்.

"அவ்வளவு துடிச்சேன். ஒரு தடவகூட நீங்க திரும்பிப் பாக்கலையே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி என்னை அடக்கினான். பிறகு குனிந்து, அவள் வாயருகே காதைக் கொண்டுபோனான்.

"இன்னும் திட்டு," என்றான்.