எட்டாவது சிரிப்பு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இதைக் கதையாக எழுதத் தொடங்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வானொலி நகைச்சுவை நாடகம் ஒன்றைச் சுத்தப்படுத்திக் காப்பகத்தில் வைக்கப்போகிறோம், கூடவே வைக்க இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் பெரியம்மா அடங்கவில்லை. அவர் எங்கேயும் அடங்கியதில்லை.

முதல் வரைவு: "ஒலிநாடாக்கள் காலத்தின் மௌன சாட்சிக—" ஒலிநாடா எப்படி மௌனமாக இருக்கும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பதிவு நடந்த அன்று நல்ல மழை—" மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பிறக்கவேயில்லை.

மூன்றாவதாக, நடந்ததையே எழுதினால் என்ன என்று தோன்றியது. எனக்கு அது எப்போதும் கடைசியில்தான் தோன்றும்.

2

நாடகம் ஒரு மணி நேரம். பேருந்து நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருள்களை வைத்திருக்கும் அறை. ஒரு குமாஸ்தா, பொருளைக் கேட்டு வருகிறவர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டு, ஆட்களை உட்காரவைத்து, நிஜச் சிரிப்போடு பதிவு செய்தார்கள். பெரியம்மா அந்த வானொலி நிலையத்தில் தட்டச்சர். நாடகப் பிரதி முழுவதையும் தட்டியவர் அவர்தான். பதிவன்று முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

[இங்கே அவருடைய தோற்றத்தை வர்ணிக்க வேண்டும். வேண்டாம், சிரிப்பு போதும்.]

பெரியம்மாவின் சிரிப்பு விக்கலில் தொடங்கும். ஒரு ஜோக் வரப்போகிறது என்று தெரிந்தால், அது வருவதற்குள் சிரித்துவிடுவார். வந்த பிறகு எல்லோரும் சிரிக்கும்போது, ஒன்றும் தெரியாதவர் போலச் சுற்றிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அவர் எதிரில் யாரும் எந்த ஜோக்கையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

3

நாடாவைச் சுத்தப்படுத்திய ஒலிப்பொறியாளர் சிறு வயதுப் பெண், வேலையில் கறார். எட்டு இடங்களில் மெலிதாக ஒரு சிரிப்பு முன்கூட்டியே கேட்கிறது என்றார். நாடா வருடக்கணக்காகச் சுருண்டு கிடந்தால் ஒரு சுற்றின் ஓசை பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் சிரிப்பு வருவதற்கு முன்பே அதன் நிழல் கேட்குமாம்.

"எட்டையும் எடுத்துடுறேன் சார். அஞ்சு மணிக்குள்ள காப்பகத்துக்கு அனுப்பணும்."

காதில் மாட்டிக் கேட்டேன். விக்கல்.

அது எங்கள் பெரியம்மா என்று சொன்னேன். சொந்தம் என்பது ஆதாரமாகாது என்பதை ஒலிப்பொறியாளர் மிக மரியாதையாகச் சொன்னார். நாடகத்தின் முடிவில் எல்லோருடைய பெயரையும் படிக்கிறார்கள், கதவுச் சத்தம் எழுப்பியவர் பெயர் உட்பட. தட்டச்சர் பெயர் மட்டும் இல்லை. அந்த எட்டுச் சிரிப்பும் போனால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரியம்மா இருந்ததற்குத் தடயமே இல்லை. ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிவந்தேன்.

4

ஒருவர் தொலைத்த பல்செட்டைக் கேட்டு வரும் இடம் ஓடியது. இது உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது என்கிறார் குமாஸ்தா. அதற்கு வந்தவர், "கையக் கொடுங்க, கடிச்சுக் காட்டுறேன்." அதற்கு முன்பே விக்கல், பிறகு நாற்பது பேரின் சிரிப்பு.

"ஆசிரியரு எழுதினது 'போட்டுக் காட்டுறேன்'னுதான். தட்டும்போது நான்தான் மாத்துனேன்," என்றார் பெரியம்மா. இப்படி ஏழு. தான் சேர்த்ததற்கு மட்டும்தான் முந்திச் சிரித்திருக்கிறார்.

(முந்தைய வரைவில் நாடக ஆசிரியரைத் திருடனாக எழுதியிருந்தேன். கதைக்கு வில்லன் வேண்டுமே. பெரியம்மாவிடம் படித்துக் காட்டியதில் செம திட்டு. "அவரு ரெண்டு வரிக்கு நடுவுல வேணும்னே நிறைய இடம் விட்டுத்தாண்டா எழுதிக் கொடுப்பாரு." ஆகவே இந்தக் கதையில் வில்லன் இல்லை. மன்னிக்கவும்.)

5

எட்டாவது சிரிப்பு வந்ததும் பெரியம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

"இத எடுத்துடும்மா."

குமாஸ்தாவாக நடித்தவர், தாள் சரசரக்கக் கூடாதே என்ற பயத்தில், இரண்டு தாளை ஒன்றாகத் திருப்பிவிட்டாராம். முப்பத்தொன்றுக்குப் பிறகு முப்பத்துமூன்று. நடுப்பக்கத்தின் முதல் வரியில் இருந்த ஜோக்கை யாரும் சொல்லவேயில்லை. வராத ஜோக்குக்குப் பெரியம்மா மட்டும் சிரித்தார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில் நாடகம் ஒலிபரப்பானபோது அவர் கேட்கவே இல்லை.

ஒலிப்பொறியாளர் அந்த இடத்தை மூன்று முறை ஓட்டினார். பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"ஒட்டிக்கிட்ட ஓசைன்னா, அசல் ஒண்ணு பின்னாடி வரணும். இங்க பின்னாடி யாருமே சிரிக்கல. அப்போ இது நெசமாவே நீங்கதாம்மா. எட்டும் நீங்கதான்."

ஐம்பது வருட வெட்கம் மற்ற ஏழையும் காப்பாற்றிக் கொடுத்தது. எட்டையும் விட்டுவைத்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் பெரியம்மா. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அழகாக இருந்தார்.

6

முடிவுகள்:

அ. காப்பகக் குறிப்பில் பெரியம்மாவின் பெயர் முதல் வரியில் வருகிறது. [அதை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நடந்து முடிந்தது முடிவாகாது.]

ஆ. முப்பத்திரண்டாம் பக்கம் ஒரு பழைய கோப்பில் கிடைக்கிறது. [தேடினேன். இல்லை.]

இ. அந்த ஜோக்கை நானே எழுதிவிடுகிறேன். [பதினொன்று எழுதினேன். பெரியம்மா முன்னாலும் சிரிக்கவில்லை, பின்னாலும் சிரிக்கவில்லை.]

அன்று கூடத்திலேயே அவரைச் சொல்லச் சொல்லியிருந்தேன். தாராளமாகச் சொல்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். விக்கல் வந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி விக்கல். கண்ணில் நீர் வழிய, கையை ஆட்டி, போடா என்றுவிட்டார். ஒலிப்பொறியாளரும் நானும் என்ன ஜோக் என்றே தெரியாமல் வயிறு வலிக்கச் சிரித்தோம். மணி ஐந்தானது. நாடகம் காப்பகத்துக்குப் போய்விட்டது.

முப்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரிகள் இவை. பேனா உங்களிடம் இருக்கும். நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

வந்தவர்: என்னயே தொலைச்சுட்டதா என் வீட்டுக்காரி இங்க எழுதிக் கொடுத்துட்டுப் போனாளாமே?

குமாஸ்தா: ஆமாங்க. அடையாளம்னு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்காங்க.

[முதல் வரிசையில் விக்கல்.]

குமாஸ்தா: