கேஸ் மூடியாச்சா

சிங்காரவேல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கிற பெர்மனன்ட் ஆள். எதையும் ஒன்றுக்கு மூன்று தடவை பார்ப்பார் என்று பாதுகாப்பு வாரத்தில் அவருக்குச் சால்வையே போர்த்தினார்கள். அதே மனிதர் குவார்ட்டர்ஸில் கேஸ் மூடியிருக்கிறதா என்று பதினேழு தடவை பார்த்தால் யார் சால்வை போர்த்துவது? மனைவி கனகம் தலையில்தான் அடித்துக்கொண்டாள்.

மூத்த மகளின் நிச்சயதார்த்தத்தன்று வடலூர் வரை போன பைக்கைக் கேஸுக்காகத் திருப்பினார். பிறகு பூட்டுக்காக இன்னொரு தடவை. போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, தட்டை மைத்துனர் மாற்றியிருந்தார். அந்த வெட்கம் தாங்காமல்தான் கடலூரில் ஆலோசகர் பொற்கொடியிடம் போனார்.

சந்தேகம் வந்தால் வரட்டும், விரட்டவும் வேண்டாம், எழுந்துபோய்ப் பார்க்கவும் வேண்டாம், மூச்சைக் கவனித்தபடி சும்மா இருங்கள் என்றார் பொற்கொடி. சும்மா இருப்பதா? சிங்காரவேல் நோட்டில் கட்டம் போட்டு, மூச்சு உள்ளே, மூச்சு வெளியே என்று டிக் அடித்தார். ஒரு டிக் விட்டுப்போனால் முதலிலிருந்து.

"சார், கேஸ விட்டுட்டு இப்ப மூச்ச செக் பண்ணிக்கினு இருக்கீங்க" என்று சிரித்து, நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் பொற்கொடி.

இப்போது இளையவள் நந்தினிக்குக் குறிஞ்சிப்பாடியில் நிச்சயதார்த்தம். "தட்டு நீங்கதாம்பா மாத்தணும். மாமா மாத்துனா நான் எழுந்து போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். கேஸை மூடுவது அன்று கனகத்தின் பொறுப்பு, அவர் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்பது பொற்கொடியின் உத்தரவு.

வேன் வடலூரைத் தாண்டும்போது சந்தேகம் வந்தது. டிரைவர் தோளைத் தொட்டால் வண்டி நின்றுவிடும். நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வந்தது, போனது. அவர் எண்ணவில்லை. பயமும் இறங்கிப் போகாமல் கூடவே மண்டபம் வரை வந்தது.

நடுங்கும் கையோடுதான் தட்டை மாற்றினார். ஒரு வெற்றிலை சரிந்து விழுந்தது. நந்தினி சிரித்தாள். அவருக்கோ கண் கலங்கிவிட்டது.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்த கனகம் காதில் கிசுகிசுத்தாள்.

"ஏங்க, கெளம்புற அவசரத்துல கேஸ நான் மூடுனனா?"

"தெரியல."

அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. பாதி எழுந்துவிட்டாள். சிங்காரவேல் அவள் கையைப் பிடித்தார்.

"உக்காரு. அது அதும்பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். அவளைப் பிடித்த அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.